வல்வா புற்றுநோய் குணமாகுமா, திரும்ப வருமா: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கத்துப் பெண்களுக்கு ஆஸ்பத்திரியில் துணையாக இருப்பது என் வேலை. 'வல்வா கேன்சர்' என்று சீட்டில் எழுதிக் கொடுத்த பிறகு அவர்களும் வீட்டாரும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். வைத்தியம் சொல்ல வேண்டியவர் டாக்டர். அவரிடம் என்ன கேட்பது, அவர் சொல்லும் பதிலை எப்படி எடுத்துக்கொள்வது என்பதற்குத்தான் இந்தப் பக்கம்.

இது எந்த இடத்தில் வருவது? கர்ப்பப்பை கேன்சர்தானே?

அது வேறு, இது வேறு. பிறப்புறுப்பில் வெளியே கண்ணுக்குத் தெரியும் பகுதிதான் வல்வா. பெரிய உதடு, சின்ன உதடு, கிளிட்டோரிஸ், சிறுநீர் வரும் துவாரத்தைச் சுற்றிய இடம் எல்லாம் அதில் சேரும். அந்த இடத்துத் தோலில் தொடங்கும் புற்றுநோய் இது. பாப் டெஸ்ட் கர்ப்பப்பையின் வாயை மட்டும் பார்க்கிறது. அதனால் "போன வருஷம் டெஸ்ட் எடுத்தோம், நார்மல்னு வந்துச்சு" என்பது இந்த நோய்க்குப் பொருந்தாது.

பெண்ணுறுப்புகளில் வரும் புற்றுநோய்களில் நூற்றுக்கு நாலைந்துதான் இது. அதில் பத்துக்கு ஒன்பது ஸ்குவாமஸ் என்ற தோல் செல் வகை. கீழே வரும் கணக்குகள் அந்த வகைக்கானவை. ரிப்போர்ட்டில் மெலனோமா என்று இருந்தால் அதன் போக்கும் வைத்தியமும் வேறு, பொதுவாக இன்னும் கடுமையானது.

குணமாகுமா? சுத்தி வளைக்காமல் சொல்லுங்கள்.

ஆரம்பத்தில் வந்தால், பெரும்பாலும் ஆகும். நோய் வல்வாவை விட்டு வெளியே போகாத நிலையில் வைத்தியம் எடுத்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 85 பேர் ஐந்து வருஷம் தாண்டி இருக்கிறார்கள். தொடை இடுக்கு நெறிகளுக்கோ பக்கத்து உறுப்புக்கோ போய்விட்டால் அது ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது. நுரையீரல், எலும்பு என்று தூரத்துக்குப் போயிருந்தால் ஐந்தில் ஒருவர் அளவுக்கு வருகிறது. இவை அமெரிக்காவில் பல வருஷம் ஆயிரக்கணக்கான பெண்களைப் பின்தொடர்ந்து எடுத்த கணக்குகள்.

"ஐந்து வருஷம்" என்றதும் ஐந்து வருஷத்தில் ஆயுள் முடிகிறது என்று சிலர் பயந்து அழுகிறார்கள். அப்படி அர்த்தம் இல்லை. எல்லா நோய்க்கும் ஒரே அளவில் ஒப்பிட்டுப் பார்க்க டாக்டர்கள் வைத்துக்கொண்ட ஒரு கெடு அது. அதற்கு அப்புறமும் பத்து, இருபது வருஷம் நன்றாக இருப்பவர்களும் அந்த 85-க்குள்தான் வருகிறார்கள்.

இன்னொன்று. நூறு பேரின் கணக்கை வைத்து உங்கள் அம்மா ஒருவருக்கு என்ன ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அவர் எந்தக் கூட்டத்தில் சேருகிறார் என்பதை வேண்டுமானால் தெரிந்துகொள்ளலாம். அதற்கு முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "டாக்டர், நெறிக்குப் போயிருக்கா?"

கட்டி எவ்வளவு பெரிசு என்று கேட்காமல் ஏன் நெறியைக் கேட்கச் சொல்கிறீர்கள்?

இந்த நோயில் ஆயுளைத் தீர்மானிப்பதில் முதல் இடம் தொடை இடுக்கு நெறிகளுக்குத்தான். காலில் புண் வந்தால் இடுக்கில் நெறி கட்டுமே, அதே நெறிகள். வல்வாவிலிருந்து நிணநீர் அங்கேதான் முதலில் போய்ச் சேருகிறது. புற்றுநோய் செல்களும் அதே வழியில்தான் போகும்.

நெறி சுத்தமாக இருந்தால், கட்டி கொஞ்சம் பெரிதாக இருந்தாலும் நம்பிக்கையோடு பேசலாம். நெறியில் இருந்தால் அடுத்த கேள்விகள் வரும்: எத்தனை நெறி, உள்ளே இருக்கும் பரவல் எத்தனை மில்லிமீட்டர், நெறியின் மேலுறையை உடைத்து வெளியே வந்துவிட்டதா, ஒரு பக்கமா இரண்டு பக்கமுமா. ஒரே ஒரு நெறியில் துளி அளவு இருப்பவரையும், மூன்று நான்கு நெறி ஒட்டிக்கொண்டு தோலில் புண்ணானவரையும் ஒரே தட்டில் வைத்துப் பேசக் கூடாது.

கையால் தடவிப் பார்த்துத் தட்டுப்படவில்லை என்பதை மட்டும் வைத்து நெறி சுத்தம் என்று முடிவு கட்ட முடியாது. தட்டுப்படுவதெல்லாம் புற்றுநோயும் இல்லை, புண்ணில் கிருமி இருந்தாலும் நெறி கட்டும். ஸ்கேன் உதவும். உறுதியாகச் சொல்வது நெறியை எடுத்து லேபில் பார்க்கும் ரிப்போர்ட்தான்.

ஸ்டேஜ் 1பி, 3ஏ என்று எழுதியிருக்கிறார்கள். என்ன அர்த்தம்?

ஃபிகோ என்ற உலக மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பின் 2021-ஆம் ஆண்டுப் பிரிப்பு இப்போது நடைமுறையில் உள்ளது. சுருக்கமாக:

1-ஆம் நிலையில் நோய் வல்வாவில் மட்டும் இருக்கும். கட்டி 2 செ.மீ.க்குள், தோலுக்கு அடியில் 1 மி.மீ.க்குள் இறங்கியிருந்தால் 1ஏ. அதைத் தாண்டினால் 1பி. இந்த 1 மி.மீ. ரொம்ப முக்கியம், ஏனென்றால் அதற்குள் இருந்தால் நெறிக்குப் போயிருக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு, நெறி ஆபரேஷனே தேவைப்படாது. 2-ஆம் நிலையில் சிறுநீர்க்குழாய், பிறப்புறுப்பின் உள்வழி (வஜைனா), ஆசனவாய் இவற்றின் கீழ்ப்பகுதியைத் தொட்டிருக்கும், நெறி சுத்தமாக இருக்கும். 3-ஆம் நிலை என்றால் நெறிக்கு வந்திருக்கிறது, அல்லது அந்த உறுப்புகளின் மேல்பகுதி வரை போயிருக்கிறது. நெறியில் உள்ள பரவல் 5 மி.மீ.க்குள் என்றால் 3ஏ, அதற்கு மேல் 3பி, நெறியின் மேலுறையை உடைத்திருந்தால் 3சி. 4-ஆம் நிலையில் இடுப்பு எலும்பில் ஒட்டியிருக்கும், நெறி அசையாமல் ஒட்டியோ புண்ணாகியோ இருக்கும், அல்லது தூரத்து உறுப்புக்குப் போயிருக்கும்.

ஆபரேஷனுக்கு முன் சொல்லும் ஸ்டேஜ், நெறி ரிப்போர்ட் வந்த பிறகு மாறலாம். "முதல்ல ஒண்ணுன்னாங்க, இப்ப மூணுங்கிறாங்க, பத்து நாளில் முத்திடுச்சா?" என்று கேட்பார்கள். முற்றவில்லை. முதலில் சொன்னது மதிப்பீடு, பிறகு சொன்னது லேபில் பார்த்தது.

பயாப்சி எடுத்தால் நோய் கலைந்து பரவிவிடும் என்கிறார்களே?

பரவாது. மரத்துப்போக ஊசி போட்டு, சில மில்லிமீட்டர் சதை எடுப்பார்கள். அது இல்லாமல் ஆபரேஷனும் கிடையாது, கரண்டும் (கதிர்வீச்சு வைத்தியம்) கிடையாது. இந்தப் பயத்தில் ஒத்திப்போட்ட மாதங்களில்தான் நோய் நெறிக்குப் போகிறது.

அம்மாவுக்குப் பல வருஷமாக அங்கே அரிப்பு. மெடிக்கலில் ஆயின்மென்ட் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். அதுதான் கேன்சர் ஆனதா?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் தாமதம் பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது.

ஆயின்மென்ட் புற்றுநோயை உண்டாக்கவில்லை. ஆனால் அரிப்புக்குப் பின்னால் என்ன இருந்தது என்று யாரும் பார்க்கவில்லை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வரும் அரிப்பில் ஒரு காரணம் லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்ற தோல் நோய். அந்த இடம் வெளுத்து, தோல் மெலிந்து சுருங்கும், சின்ன உதடு ஒட்டிப்போய்க் காணாமலே போகலாம். தொற்று நோய் கிடையாது, அசுத்தத்தால் வருவதும் இல்லை. இது உள்ளவர்களில் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவானவர்களுக்கே புற்றுநோய் வரும். ஆனால் வயதான பெண்களின் வல்வா புற்றுநோயில் பெரும்பங்கு இந்த வழியில்தான் வருகிறது.

இதில் நல்ல செய்தி இருக்கிறது. டாக்டர் எழுதிக்கொடுக்கும் வீரியமான ஸ்டீராய்டு களிம்பை, அரிப்பு நின்ற பிறகும் சொன்ன முறைப்படி விடாமல் போட்டுவந்தால் புற்றுநோய் வரும் வாய்ப்பு நன்றாகக் குறைகிறது. 2015-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில் 507 பெண்களைப் பின்தொடர்ந்தார்கள். களிம்பை ஒழுங்காகப் போட்டவர்களில் ஒருவருக்கும் புற்றுநோய் வரவில்லை. விட்டுவிட்டுப் போட்டவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவுக்குப் புற்றுநோயோ அதற்கு முந்தைய கட்டமோ வந்தது. "படை"க்கு என்று கவுன்டரில் கேட்டு வாங்கும் கலவைக் களிம்பை அரிக்கும்போது மட்டும் தேய்ப்பதும் இந்த வைத்தியமும் ஒன்றாகாது.

மூன்று நான்கு வாரத்தில் ஆறாத புண், அரிப்போடு கூடிய வெள்ளைத் தோல், மருவு மாதிரி வளரும் சதை, உள்ளாடையில் ரத்தக்கறை, சிறுநீர் பட்டால் எரிச்சல். இதில் ஒன்று இருந்தாலும் பெண் டாக்டரிடம் காட்டுங்கள், விளக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பார்க்காமல் வெள்ளைப்படுதல் மாத்திரை மட்டும் எழுதினால், "ஒரு தடவை பார்த்துடுங்க டாக்டர்" என்று நீங்களே கேட்கலாம். அது உங்கள் உரிமை.

இது தப்பான பழக்கத்தால் வருவதா? வீட்டுக்காரரால் வந்ததா?

வேண்டாம், அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள். இந்த நோய் இரண்டு வழியில் வருகிறது. ஒன்று மேலே சொன்ன தோல் நோய் வழி. இன்னொன்று ஹெச்.பி.வி. என்ற வைரஸ் வழி, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அந்த வைரஸ் உடலுறவு வாழ்க்கை உள்ள பெரும்பாலானோரை ஏதோ ஒரு வயதில் தொட்டுவிட்டுப் போகும். திருமணமாகி ஒருவரோடு மட்டும் வாழ்ந்தவருக்கும் வரும், இருபது வருஷம் தூங்கியும் இருக்கும். யாரிடமிருந்து, எப்போது என்று கண்டுபிடிக்க எந்த டெஸ்டும் இல்லை. புகைப்பிடிப்பதும், ஹெச்.ஐ.வி. போன்று எதிர்ப்புச் சக்தி குறைவதும் ஆபத்தைக் கூட்டும்.

வைரஸ் வழியில் வந்த புற்றுநோய் சராசரியாகக் கொஞ்சம் இளம் வயதில் வருகிறது, கரண்டுக்கும் நன்றாகக் கட்டுப்படுகிறது, முடிவும் பரவாயில்லை. ரிப்போர்ட்டில் 'பி16 பாசிட்டிவ்' என்று இருந்தால் இந்த வகையாக இருக்கலாம். பாசிட்டிவ் என்ற வார்த்தையைப் பார்த்ததும் பதற வேண்டாம்.

மணலித் தொழிற்சாலைப் புகையும் எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பலும் காரணமா?

நம் பக்கத்தில் யாருக்கு எது வந்தாலும் இந்தக் கேள்வி வரும், வருவதில் நியாயமும் இருக்கிறது. காற்று மாசு நுரையீரல் புற்றுநோய்க்கு ஒரு காரணம் என்பது நிறுவப்பட்டது. வல்வா புற்றுநோய்க்கு நிறுவப்பட்ட காரணங்கள் நான் மேலே சொன்னவை. புகை பற்றிய கோபம் இருக்கட்டும், ஆனால் அரிப்பைக் காட்டாமல் விட அது ஒரு சாக்காகிவிடக் கூடாது.

ஆபரேஷனில் எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்களா?

முன்பு அப்படித்தான் செய்தார்கள். வல்வா முழுவதையும் இரண்டு பக்க நெறிகளோடு ஒரே பெரிய வெட்டாக எடுப்பார்கள், காயம் ஆறவே மாதக்கணக்காகும். இப்போது கட்டியை, அதைச் சுற்றி நல்ல தோலையும் கொஞ்சம் சேர்த்து எடுத்தால் போதும் என்பதே வழக்கம். நெறிக்குத் தனியாகச் சின்ன வெட்டு. சரியான ஆட்களுக்கு இப்படிச் செய்வதால் ஆயுள் குறைவதில்லை. கட்டி பல இடத்தில் இருந்தாலோ ரொம்பப் பெரிதாக இருந்தாலோ அதிகமாக எடுக்க நேரும், அப்போது தொடையிலிருந்தோ பக்கத்திலிருந்தோ தோலைத் திருப்பி மூடுவார்கள்.

ஆபரேஷன் ரிப்போர்ட்டில் 'மார்ஜின்' என்ற இடத்தைப் பாருங்கள். வெட்டின ஓரத்தில் புற்றுநோய் செல் இருந்தால் மறுபடி வெட்டவோ கரண்ட் வைக்கவோ வேண்டிவரும். ஓரம் சுத்தமாக இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

'சென்டினல் நோட்' செய்யலாம் என்றார்கள். ஒரு நெறியை மட்டும் பார்த்தால் போதுமா?

தகுதியானவர்களுக்குப் போதும். கட்டிப் பக்கத்தில் சாயமும் கொஞ்சம் கதிரியக்க மருந்தும் செலுத்தி, அது முதலில் போய்ச் சேரும் நெறியைக் கண்டுபிடித்து எடுப்பார்கள். வழியில் இருக்கும் முதல் செக்போஸ்ட் மாதிரி அது. அங்கே பிடிபடவில்லை என்றால் பின்னால் உள்ள நெறிகளில் இருக்கும் வாய்ப்பு ரொம்பக் குறைவு.

கட்டி ஒன்றாக இருக்க வேண்டும், 4 செ.மீ.க்குள் இருக்க வேண்டும், ஸ்கேனிலும் கையிலும் நெறி சந்தேகமாக இருக்கக் கூடாது. நெதர்லாந்து மருத்துவர்கள் முன்னின்று நடத்தி 2008-இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், முதல் நெறி சுத்தமாக இருந்தவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர் அளவுக்குத்தான் பிறகு இடுக்கில் நோய் வந்தது. கால் வீக்கம் வந்தது நூற்றுக்கு 2 பேருக்கு. எல்லா நெறியையும் எடுத்தவர்களில் அது 25 பேர். இந்த வித்தியாசம் ஒரு பெண்ணின் மீதி வாழ்க்கையையே மாற்றுவது. அதனால் முழு நெறி ஆபரேஷன் என்று சொன்னால், "எனக்கு சென்டினல் பண்ண முடியுமா, முடியாதுன்னா ஏன்?" என்று கேளுங்கள். இது அனுபவம் உள்ள இடத்தில் மட்டும் செய்ய வேண்டிய வேலை.

முதல் நெறியில் இருந்தால்? அதே குழுவினர் 2021-இல் வெளியிட்ட அடுத்த ஆய்வில் இதற்கும் பதில் உண்டு. பரவல் 2 மி.மீ.க்குள் என்றால் மேலும் வெட்டாமல் இடுக்குக்குக் கரண்ட் வைத்தாலே நோய் கட்டுக்குள் இருந்தது. 2 மி.மீ.க்கு மேல் என்றால் கரண்ட் மட்டும் போதவில்லை. மீதி நெறிகளையும் எடுக்க வேண்டும்.

கரண்ட் வைப்பதும் கீமோவும் யாருக்கு?

இரண்டு விதமாக வரும். ஆபரேஷனுக்குப் பிறகு, நெறியில் இருந்தவர்களுக்கு, குறிப்பாக இரண்டு அல்லது அதற்கு மேல் நெறி என்றால், நெறியின் மேலுறை உடைந்திருந்தால். அப்புறம், வெட்டினால் சிறுநீர்ப் பையோ மலத்துவாரமோ போய்விடும் என்ற அளவுக்குப் பெரிய கட்டிக்கு, ஆபரேஷனுக்குப் பதிலாகவோ முன்னாலோ. இதில் வாரம் ஐந்து நாள் கரண்ட், வாரம் ஒரு முறை சிஸ்பிளாட்டின் என்ற கீமோ ஊசி, ஐந்து முதல் ஏழு வாரம். 2012-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் இப்படிச் சிகிச்சை பெற்ற 58 பேரில் 37 பேருக்குக் கட்டி கண்ணுக்குத் தெரியாமல் கரைந்தது. வெட்டவே முடியாது என்று நினைத்த கட்டிகள் அவை. "ஆபரேஷன் பண்ண மாட்டேன்னுட்டாங்க, கை விட்டுட்டாங்க" என்று சிலர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். கை விட்டதாக அர்த்தம் இல்லை.

ஆனால் கஷ்டமான வைத்தியம், மறைக்க மாட்டேன். மூன்றாவது வாரத்துக்குப் பிறகு அந்த இடத்துத் தோல் வெந்து உரியும், சிறுநீர் போனால் தீயாக எரியும். சோப்பு வேண்டாம், வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி ஒற்றி எடுங்கள், தளர்வான பருத்தித் துணி போடுங்கள், வலி மாத்திரையைக் கேட்டு வாங்குங்கள். நடுவில் நிறுத்தி இடைவெளி விட்டால் கரண்டின் பலன் குறையும். எரிச்சல் தாங்கவில்லை என்றால் வீட்டில் இருந்துவிடாமல் கரண்ட் வார்டிலேயே போய்ச் சொல்லுங்கள்.

ஆயாவுக்கு 76 வயசு, சர்க்கரையும் இருக்கு. தாங்குவாங்களா?

வயசை மட்டும் காரணம் காட்டி வைத்தியத்தைக் குறைக்க வேண்டியதில்லை. இது 60 தாண்டியவர்களிடம் அதிகம் வரும் நோய், ஆபரேஷன் செய்துகொள்பவர்களில் பலர் பாட்டிமார்கள்தான். வெளித் தோலில் நடப்பதால் வயிற்றைத் திறக்கும் ஆபரேஷனை விட உடம்புக்குப் பாரம் குறைவு. முதுகில் ஊசி போட்டும் செய்ய முடியும். சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதுதான் முக்கியம். தையல் பிரிவதும் சீழ் வைப்பதும் இந்த ஆபரேஷனில் ஏற்கெனவே அதிகம், சர்க்கரை ஏறினால் இன்னும் கூடும்.

கால் வீங்கிவிட்டது. யானைக்கால் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள்.

கொசுவால் வரும் யானைக்கால் வேறு. நெறிகளை எடுத்ததாலும் கரண்ட் வைத்ததாலும் நிணநீர் வடிய வழி குறைந்து வரும் வீக்கம் இது. யாருக்கும் ஒட்டாது. ஆரம்பத்திலேயே பிசியோதெரபிக்குப் போனால், அழுத்தப் பட்டை அல்லது சாக்ஸ், முறையான மசாஜ், பயிற்சி இவற்றால் கட்டுக்குள் வைக்கலாம். முழுதாக மறைவது கடினம்.

நம் பகுதியில் ஒரு தனி ஆபத்து உண்டு, மழைக்காலம். வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் கொடுங்கையூரிலும் முழங்கால் தண்ணீரில் நடக்காமல் முடியாத நாட்கள் வரும். வீங்கின காலில் சின்னக் கீறல் வழியாகக் கிருமி போனால், ஒரே ராத்திரியில் கால் சிவந்து குளிர்க் காய்ச்சல் வரும். தண்ணீரில் இறங்கத்தான் வேண்டும் என்றால் மூடிய ரப்பர் பூட்ஸ் போடுங்கள், வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி விரல் இடுக்குவரை துடைத்துவிடுங்கள். சிவப்பும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் காலை வரை காத்திருக்காமல் கேஷுவாலிட்டிக்குப் போங்கள்.

திரும்ப வருமா?

வரலாம், இதை மறைக்காமல் சொல்வதே நல்லது. மேலே சொன்ன நெதர்லாந்து ஆய்வில் இருந்த பெண்களைப் பத்து வருஷம் பின்தொடர்ந்தபோது நூற்றுக்கு 40 பேர் அளவுக்கு வல்வாவிலேயே மறுபடி நோய் வந்தது. இது பயமுறுத்தும் எண்ணாகத் தெரியும். ஆனால் எங்கே வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். வல்வாவில் மட்டும் சின்னதாக வந்தால் மறுபடி வெட்டி எடுத்துப் பலர் நன்றாக வாழ்கிறார்கள். முதல் நெறி சுத்தமாக இருந்தவர்களில் நூற்றுக்கு 91 பேர், பத்து வருஷம் கழித்தும் இந்த நோயால் இறக்கவில்லை. நெறியில் இருந்தவர்களில் அது 65.

இடுக்கில் திரும்ப வருவது வேறு கதை. அதைக் குணப்படுத்துவது ரொம்பக் கடினம், பெரும்பாலும் முதல் இரண்டு வருஷத்துக்குள் வருகிறது. முதல் தடவையே நெறியைச் சரியாகக் கையாள வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

செக்கப்: முதல் இரண்டு வருஷம் மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை, ஐந்து வருஷம் வரை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, அப்புறம் வருஷத்துக்கு ஒன்று, ஆயுள் முழுக்க. வல்வாவில் திரும்ப வருவது எட்டு, ஒன்பது வருஷம் கழித்தும் நடக்கும் என்பதால் ஐந்து வருஷத்தோடு நிறுத்தக் கூடாது. நடுவில் மாதம் ஒரு தடவை, குளித்த பிறகு ஒரு கைக் கண்ணாடியை வைத்து நீங்களே பாருங்கள். தன் உடம்பைத் தான் பார்ப்பதில் என்ன கூச்சம்? குனிந்து பார்க்க முடியாத பாட்டிக்கு மகளோ மருமகளோ பார்க்கலாம்.

சிறுநீர், தாம்பத்தியம் எல்லாம் பழையபடி இருக்குமா?

சிறுநீர் பக்கவாட்டில் தெறிக்கலாம், முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால் கொஞ்சம் சரியாகும். தையல் ஆறும் வரை இந்தியன் டாய்லெட்டில் குந்துவது கஷ்டம், வாடகை வீட்டில் வேறு வழி இல்லை என்றால் நாற்காலி போன்ற டாய்லெட் ஸ்டாண்டு வாங்கி வையுங்கள். மலம் இறுகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உடலுறவு முடியாது என்று யாரும் தடை போடவில்லை. காயம் முழுக்க ஆறிய பிறகு டாக்டரைக் கேட்டுத் தொடங்கலாம். உணர்ச்சி குறையலாம், கரண்ட் வைத்திருந்தால் பிறப்புறுப்பின் உள்வழி சுருங்கி வறண்டு போகலாம். அதற்கு ஜெல்லும், விரித்துவைக்கும் டைலேட்டர் என்ற சாதனமும் உண்டு. பெண்கள் இதைக் கேட்பதே இல்லை. 40 வயதுப் பெண் இதை நினைத்து ராத்திரியெல்லாம் விழித்திருப்பார், ஓ.பி.யில் வாயே திறக்க மாட்டார். கேளுங்கள், நர்ஸ் அக்காவிடமாவது கேளுங்கள்.

வடசென்னையிலிருந்து எங்கே போவது? செலவு?

முதலில் காட்ட வீட்டுப் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையமோ, ராயபுரத்தில் உள்ள ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையோ, ஸ்டான்லியோ போதும். பயாப்சியில் புற்றுநோய் என்று உறுதியானால், இந்த நோயில் பழக்கமுள்ள குழு இருக்கும் பெரிய இடத்துக்குப் போவது நல்லது, அரிதான நோய் என்பதால் இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். சென்ட்ரல் எதிரில் உள்ள பெரியாஸ்பத்திரி, எழும்பூர் தாய் சேய் நல மருத்துவமனை, ராயப்பேட்டை அரசு மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவு, 1954-இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம் இவை அந்த வரிசையில் வரும். விம்கோ நகர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டையிலிருந்து மெட்ரோவில் மாறாமல் சென்ட்ரல் போகலாம். அடையாறுக்குப் பீச் ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஏறிக் கஸ்தூரிபா நகரில் இறங்கலாம். தையல் உள்ளவரை ஷேர் ஆட்டோவில் ஏற்றாதீர்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் வரை உண்டு, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ரேஷன் கார்டும் ஆதாரும் வருமானச் சான்றும் வேண்டும். அட்டை இல்லாவிட்டால் ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீசில் கேளுங்கள். பயாப்சி ரிப்போர்ட் வருவதற்குள் இந்த வேலையை முடித்தால் ஆபரேஷன் தள்ளிப்போகாது. சந்தேகத்துக்கு 104 எண்ணில் பேசலாம்.

அம்மாவிடம் கேன்சர் என்று சொல்லலாமா?

சொல்லுங்கள். அந்த இடத்தைத் தினமும் கழுவுவது அவர்தான், வலிப்பதும் அவருக்குத்தான். 'சாதாரணக் கட்டி' என்று சொல்லிக் கூட்டிப்போனால், ஆபரேஷனுக்கு அப்புறம் செக்கப்புக்கு ஏன் வர வேண்டும் என்று அவர் கேட்பார், அதற்கு உங்களிடம் பதில் இருக்காது. எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்பதை அவரையே கேட்டு, அந்த அளவுக்குச் சொல்லுங்கள்.

மகளுக்குத் தடுப்பூசி போடலாமா?

போடலாம். ஹெச்.பி.வி. தடுப்பூசி 9 முதல் 14 வயதுக்குள் போட்டால் பலன் அதிகம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயோடு, வைரஸ் வழி வரும் வல்வா புற்றுநோயில் பெரும்பகுதிக்குக் காரணமான 16-ஆம் வகையையும் அது தடுக்கிறது. இந்தியத் தயாரிப்பான செர்வாவேக்கும் கிடைக்கிறது. தோல் நோய் வழியில் வருவதை இது தடுக்காது.

நாலாவது ஸ்டேஜ் என்று சொல்லிவிட்டார்கள். இனி என்ன?

முதலில் 4ஏ-வா 4பி-யா என்று கேளுங்கள். 4ஏ என்றால் நோய் இன்னும் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது, கரண்டும் கீமோவும் சேர்ந்து கட்டுப்படுத்த முயற்சி செய்வார்கள், சிலருக்கு நீண்ட நாள் பலன் கிடைக்கிறது. 4பி என்றால் இடுப்புக்குள் உள்ள நெறிகளுக்கோ அதைத் தாண்டியோ போயிருக்கிறது. அங்கே நோக்கம் நாட்களை நீட்டுவதும் வலியைக் குறைப்பதும். உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் இம்யூனோதெரபி ஊசிகள் பத்தில் ஒருவர் அளவுக்குத்தான் வேலை செய்கின்றன, விலையும் அதிகம். வீட்டை விற்று அதைப் போடலாமா என்று கேட்பவர்களிடம் நான் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். காப்பீட்டிலோ ஆய்விலோ கிடைத்தால் மட்டும் யோசிக்கலாம்.

வலியோடு யாரும் கிடக்க வேண்டியதில்லை. மார்ஃபின் மாத்திரையைப் புற்றுநோய் வலிக்கு முறையாகக் கொடுத்தால் அடிமையாகிவிடுவார் என்ற பயம் வேண்டாம். புண்ணில் நாற்றம் வந்தால் மெட்ரோனிடசோல் தூளோ ஜெல்லோ போட்டுக் கட்டினால் நன்றாகக் குறையும், வீட்டார் பக்கத்தில் உட்கார முடியும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நோய்த்தணிப்புப் பராமரிப்பும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகின்றன, உங்கள் வட்டார சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து, வாரத்தில் எந்த நாள் வருவார்கள் என்று கேட்டு வையுங்கள்.